நாம் கவனியாமல் கடந்த நிலையம்



சென்னையிலிருந்தோ நாகர்கோவிலிலிருந்தோ புனேக்கு ரயிலில் வந்த எவரும் ஒரு காட்சியை மறந்திருக்கமாட்டார்கள். சோலாப்பூர் கடந்து, தவுண்ட் சந்திப்பும் கடந்தவுடன், பெட்டியில் உள்ள நம்மவர்கள் எழுந்துவிடுகிறார்கள். இருக்கைக்குக் கீழே கிடந்த அரிசி மூட்டையும், முறுக்கு டின்னும், ஊறுகாய் ஜாடியும் வெளியே வருகின்றன. பிள்ளைகளுக்கு முகம் கழுவித் தலை சீவுகிறார்கள். ஊரை விட்டு வந்த கலக்கமும், நகரத்தில் நமக்காகக் காத்திருக்கும் கவலைகளும் அந்தக் கடைசி ஒன்றரை மணி நேரத்தில் ஒன்றாக வந்து சேருகின்றன.

அந்த அவசரத்தில், புனேக்குச் சுமார் 60 கிலோமீட்டர் இருக்கும்போது, ஒரு சிறிய நிலையத்தை வண்டி கடந்து செல்கிறது. பெரும்பாலான விரைவு வண்டிகள் அங்கே நிற்பதில்லை. அதன் பெயர் கேட்காவ். நானும் ஊழியத்திற்காக இந்தப் பட்டணத்திற்கு வந்த நாள் முதல் எத்தனையோ முறை அந்த வழியே போயும் வந்தும் இருக்கிறேன். பல ஆண்டுகளாக அந்தப் பெயர்ப் பலகையை ஒருமுறையேனும் நான் வாசித்ததில்லை. வேதாகமக் கல்லூரியில் அந்த இடத்தைப் பற்றி எனக்குப் பாடம் நடந்திருக்கிறது. பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆயினும் என் கண்ணுக்கு முன்பாகக் கடந்து செல்வது அதே இடம்தான் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

இந்த மாதம் அந்த நிலையத்தில் உங்களைச் சற்று இறக்கிவிட விரும்புகிறேன். காரணம், ஒரு சகோதரர் என்னிடம் கேட்ட கேள்வி.

ஒரு கேள்வியும் அவசரமான ஒரு பதிலும்

சில ஆண்டுகளுக்கு முன்பு, கட்கி பகுதியில் ஒரு வீட்டில் ஜெபக்கூட்டம் முடிந்தது. எல்லாரும் தேநீர் அருந்திப் புறப்பட்ட பிறகும் ஒரு சகோதரர் மட்டும் உட்கார்ந்திருந்தார். அவர் வேலை செய்த தொழிற்சாலை மூடப்பட்டு அப்பொழுது பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன. வீட்டு வாடகை பாக்கி. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் பாக்கி. மனைவி இரண்டு வீடுகளில் சமையல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அவர் தரையைப் பார்த்தபடியே என்னிடம் சொன்னார்:

“பாஸ்டர், தேவன் இருக்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் என் வாழ்க்கையில் அவர் என்ன செய்கிறார் என்றுதான் எனக்குத் தெரியவில்லை. பதினான்கு மாதமாக ஜெபிக்கிறேன். ஒன்றும் நடக்கிறதாகக் காணவில்லையே.”

நான் என்ன செய்தேன்? என் கைப்பையில் எப்பொழுதும் ஆயத்தமாக இருக்கும் இரண்டு வசனங்களை எடுத்துச் சொன்னேன். காத்திருங்கள், வாசல் திறக்கும் என்றேன். தலையில் கைவைத்து ஜெபித்து அனுப்பிவிட்டேன். வீடு திரும்பும் வழியில், பசியோடு வந்த மனிதனுக்குச் சாப்பாட்டுச் சீட்டை மட்டும் கொடுத்து அனுப்பியவனைப்போல என் மனச்சாட்சி என்னைக் குத்தியது. அன்றைக்கு நான் கொடுத்திருக்க வேண்டிய பதிலையே இப்பொழுது எழுதுகிறேன்.

விசுவாசம் என்பது காணாதவற்றைக் குறித்த உறுதி என்று எபிரெயர் நிருபத்தின் 11ஆம் அதிகாரம் நமக்குப் போதிக்கிறது. இதை நாம் மேடையில் எளிதாகப் பிரசங்கித்துவிடுகிறோம். ஆனால் அந்த அதிகாரத்தின் முடிவில் உள்ள ஒரு கடினமான உண்மையைப் பல வேளைகளில் விட்டுவிடுகிறோம். அங்கே பெயர் சொல்லப்பட்டவர்களும் பெயர் சொல்லப்படாதவர்களுமாகிய அந்தப் பரிசுத்தவான்கள், விசுவாசத்தினால் நற்சாட்சி பெற்றும், தங்களுக்கு வாக்களிக்கப்பட்டதைத் தங்கள் நாட்களில் கையில் பெறாமலே மரித்தார்கள். நிக்கொதேமுவோடு பேசிய இரவிலும் நம் ஆண்டவர் காற்றைத்தான் உவமையாக எடுத்தார். காற்றின் ஓசை நம் காதுக்குக் கேட்கிறது. அது எங்கே புறப்பட்டு எங்கே போய்ச் சேருகிறது என்பது நமக்குத் தெரிவதில்லை. ஆவியானவரின் கிரியையும் அப்படிப்பட்டதே.

அப்படியானால் தேவன்மேல் வைக்கும் விசுவாசம் ஒரு மனிதனுடைய வாழ்க்கையில் என்னதான் செய்கிறது? அதை அறிய கேட்காவில் இறங்குவோம்.

நம் மண்ணில் விழுந்த கண்ணீர்

கேட்காவில் முக்தி மிஷன் இருக்கிறது. அதை ஸ்தாபித்தவர் பண்டித ரமாபாய் அம்மையார். 1858ஆம் ஆண்டு மேற்குத் தொடர்ச்சி மலைக்காட்டில், ஒரு மராத்திப் பிராமணக் குடும்பத்தில் அவர் பிறந்தார். தகப்பனார் அனந்த சாஸ்திரி சமஸ்கிருதத்தில் பெரும் பண்டிதர். பெண்களுக்கு சமஸ்கிருதம் கற்றுக்கொடுப்பதைச் சமுதாயம் ஒப்புக்கொள்ளாத காலத்தில், பலருடைய எதிர்ப்பையும் பாராமல் தம் மனைவிக்கு அதைக் கற்பித்தவர் அவர். அந்தத் தாயே தம் மகளுக்கு ஆசிரியை ஆனார். குடும்பம் முழுவதும் புண்ணிய ஸ்தலங்கள்தோறும் நடந்துசென்று, புராணம் வாசித்து, அதில் கிடைத்ததைக்கொண்டு வாழ்ந்தது.

1870களில் சென்னை மாகாணத்தில் உண்டான பஞ்சம் அந்தக் குடும்பத்தைச் சிதறடித்தது. சில மாத இடைவெளிக்குள் தகப்பன், தாய், மூத்த சகோதரி மூவரும் மறைந்தார்கள். மீதியாயிருந்தவர்கள் பதின்வயதுப் பெண்ணாகிய ரமாபாயும் அவருடைய அண்ணன் சீனிவாசனும் மட்டுமே. இலைகளையும் காட்டுக்கனிகளையும் தின்று உயிர் பிழைத்தவர்கள் அவர்கள். அன்பான வாசகரே, ஊரை விட்டு, உற்றாரை இழந்து, அந்நிய பாஷை பேசும் நாட்டில் பசியோடு நடப்பது என்னவென்று அந்தப் பெண் கற்றுக்கொண்டது நம் தென்னாட்டு மண்ணிலேதான் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது நமக்குத் தேவைப்படும்.

நாட்டின் குறுக்கே ஆயிரக்கணக்கான மைல்கள் கால்நடையாகவே நடந்து, 1878இல் இருவரும் கல்கத்தா சேர்ந்தனர். அந்த இளம்பெண்ணின் கல்வியைக் கண்டு வியந்த அறிஞர்கள் ‘பண்டிதா’ என்றும் ‘சரஸ்வதி’ என்றும் பட்டமளித்தனர். 1880இல் அண்ணனும் மறைந்தார். அதே ஆண்டில் வங்காள வழக்கறிஞர் பிபின் பிகாரி மேத்வியை மணந்தார். மனோரமா என்னும் மகள் பிறந்தாள். 1882இல் கணவரை வாந்திபேதி கொண்டுபோயிற்று. இருபத்து நான்கு வயது நிறைவதற்குள் பெற்றோர், சகோதரி, சகோதரன், கணவன் ஆகிய யாவரையும் இழந்த ஒரு விதவை, கையில் ஒரு குழந்தையோடு புனேக்கு வந்து சேர்ந்தார். நம்மில் பலரைப்போல அவரும் இந்தப் பட்டணத்திற்கு வந்து குடியேறியவரே.

மதத்தைக் கண்டவர் மீட்பரைக் கண்டது

1883இல் அவர் இங்கிலாந்து சென்றார். மருத்துவம் கற்க வேண்டும் என்பது அவருடைய நோக்கம். ஆனால் கேட்கும் திறன் குறைந்துபோனதால் அந்தக் கதவு அடைபட்டது. அவ்வாண்டிலேயே மகளோடு ஞானஸ்நானம் பெற்றார். பின்பு அமெரிக்கா சென்று, இந்திய விதவைகளின் நிலையைக் குறித்து நூல் எழுதி, சபைகளிலும் மன்றங்களிலும் பேசினார். அங்குள்ள நண்பர்கள் பத்து ஆண்டுகளுக்குப் பொருளுதவி செய்வதாக வாக்களித்தனர். அதைக்கொண்டு 1889இல் பம்பாயில் சாரதா சதன் என்னும் விதவைகளுக்கான பள்ளியைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அது புனேக்கு மாற்றப்பட்டது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஞானஸ்நானம் பெற்று ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் கழித்து, தாம் கிறிஸ்தவ மார்க்கத்தைக் கண்டிருந்தாலும் கிறிஸ்துவை இன்னும் காணவில்லை என்று அவர் உணர்ந்தார். இதை அவரே தம் சாட்சியில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். அந்த உணர்வைத் தூண்டியவற்றுள் ஒன்று, வில்லியம் ஹாஸ்லம் என்னும் ஆங்கிலப் போதகர் எழுதிய ஒரு புத்தகம்.

ஹாஸ்லத்தின் வரலாறு என்னைப்போன்ற ஊழியர்களை நடுங்கச் செய்யும். 1851ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் ஒரு சிற்றூர் ஆலயத்தில் அவர் பிரசங்கித்துக்கொண்டிருந்தார். பல ஆண்டுகள் போதகராக இருந்த அவருக்கு, தாம் இன்னும் இரட்சிக்கப்படவில்லை என்று அப்பொழுதுதான் விளங்கியது. பிரசங்க பீடத்திலேயே, தம் சொந்தப் பிரசங்கத்தினாலேயே அவர் மனந்திரும்பினார்! அந்த ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் உட்கார்ந்திருந்த கிராமத்து மக்கள் எவரேனும், இந்த நிகழ்ச்சி நாற்பது ஆண்டுகள் கழித்துப் புனேயில் ஒரு மராத்திய விதவையின் உள்ளத்தை அசைக்கும் என்று நினைத்திருப்பார்களா? ஹாஸ்லமே நினைத்திருக்கமாட்டார். காற்று புறப்பட்ட இடம் ஒன்று; போய்ச் சேர்ந்த இடம் வேறொன்று.

இந்த மாற்றத்தினால் ரமாபாய் அம்மையாரின் பாதை இலகுவாகிவிட்டது என்று எண்ணாதீர்கள். 1893இல் பள்ளியிலுள்ள பெண்கள் கிறிஸ்தவ ஜெபத்தில் கலந்துகொள்கிறார்கள் என்று புனேயில் பெரும் கொந்தளிப்பு எழுந்தது. பெற்றோர்களும் பாதுகாவலர்களும் பல பிள்ளைகளை அழைத்துச் சென்றுவிட்டனர். துணைநின்ற பெரியவர்களும் ஆலோசனைக் குழுவிலிருந்து விலகினர். அவர்களுடைய அச்சமும் தங்கள் பிள்ளைகள்மேல் இருந்த அன்பினால் உண்டானதே. அதை நாம் இகழக்கூடாது. ஆனால் அந்த நாட்களில் வெளியிலிருந்து பார்த்த எவருக்கும், தேவன் இந்தப் பெண்ணுக்காக ஏதோ செய்கிறார் என்று தோன்றியிருக்காது.

பழத்தோட்டம் புகலிடமானது

பள்ளி தன் சொந்தக் காலில் நிற்க வேண்டும், வெளிநாட்டு உதவியை என்றென்றும் நம்பியிருக்கக்கூடாது என்று கருதிய அவர், கேட்காவில் ஏறக்குறைய நூறு ஏக்கர் வறண்ட நிலத்தை வாங்கிப் பழமரங்கள் வைத்தார். பழம் விற்ற பணத்தில் பள்ளியை நடத்தலாம் என்பதே அவர் போட்ட கணக்கு. தேவன் அந்த நிலத்திற்கு வேறொரு கணக்கு வைத்திருந்தார்.

1896–97இல் மத்திய மாகாணங்களில் கடும் பஞ்சம் உண்டாயிற்று. செய்தி கேட்டபோது அவருக்கு முதலில் நினைவு வந்தது தம் சொந்தப் பசிதான். சென்னை மாகாணத்தில் பெற்றோரைப் பறிகொடுத்த அந்தச் சிறுபெண் அவருக்குள் எழுந்து நின்றாள். இருபது ஆண்டுகளுக்கு முன் வெறும் துன்பமாக மட்டுமே தோன்றிய ஒன்று, இப்பொழுது அழைப்பாக மாறியது. பஞ்சம் நிலவிய பகுதிகளுக்கு நேரில் சென்று, திக்கற்று அலைந்த இளம் விதவைகளையும் சிறுமிகளையும் அழைத்து வந்தார். முந்நூறு பேருக்குமேல் சேர்ந்துவிட்டார்கள்.

அதே வேளையில் புனேயில் கொள்ளைநோய். பஞ்சப் பகுதியிலிருந்து புதியவர்களை நகரத்திற்குள் கொண்டுவரக்கூடாது என்று அதிகாரிகள் தடுத்தார்கள். நகரத்தின் வாசல் அடைபட்டபோது கேட்காவ்த் தோட்டத்தின் வாசல் திறந்தது. ஆரஞ்சுப் பழத்திற்காக வாங்கிய மண்ணில் கூடாரங்களும் குடிசைகளும் எழுந்தன. முக்தி சதன் அங்கே நிலைபெற்றது. 1898இல் அமெரிக்க நண்பர்கள் வாக்களித்த பத்து ஆண்டுகளும் முடிந்தன. நிலையான வருமானம் என்று சொல்ல ஒன்றும் இல்லாத அந்தச் சமயத்தில்தான் குடும்பம் பெருகியது. 1900இல் குஜராத் பஞ்சத்திற்குப் பின்பு அங்கே இருந்தவர்கள் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர். அத்தனை பேருக்கும் வேளாவேளைக்குச் சாப்பாடு வேண்டும் என்பதை, மாதக்கடைசியில் மளிகைக் கடைக்காரர் முகத்தைப் பார்க்கத் தயங்கும் நாம் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

விசுவாசம் அவரைக் கைகட்டி உட்காரச் செய்யவில்லை. நெசவு, தையல், எண்ணெய் ஆட்டுதல், விவசாயம், அச்சுத்தொழில் என்று ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு கைத்தொழில் கற்பிக்கப்பட்டது. பார்வையற்றவர்களுக்குத் தனி இல்லம் இருந்தது. அவர்கள் பிரெயில் எழுத்தில் வாசிக்கக் கற்றார்கள். முழங்காலில் நின்றவர் எழுந்தவுடன் கிணறு வெட்டப் போனார் என்று சொன்னால் மிகையாகாது. ஜெபத்தையும் வேலையையும் இரண்டாகப் பிரித்துப் பார்க்கும் நம் பழக்கத்திற்கு முக்தி ஒரு கண்டனமாகவே நிற்கிறது.

1905: தீ பற்றியது

1905 ஜனவரியில் ரமாபாய் அம்மையார் எழுப்புதலுக்காக ஜெபிக்க முன்வருமாறு தம் பெண்களை அழைத்தார். எழுபது பேர் வந்தனர். சில மாதங்களில் அந்த எண்ணிக்கை ஐந்நூறுக்கும் மேலாயிற்று. ஜூன் 29ஆம் தேதி அதிகாலையில் நடந்ததை, அங்கே ஊழியம் செய்த அமெரிக்க மிஷனரி மின்னி ஏப்ரம்ஸ் அம்மையார் எழுதி வைத்திருக்கிறார். விடுதியில் ஒரு பெண் ஆவியானவரின் வல்லமையால் நிரப்பப்பட்டாள். அவள்மேல் தீ இருப்பதாகக் கண்ட தோழி பதறிப்போய், அணைப்பதற்காக ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்! கிட்டே வந்த பிறகுதான் அது எரிக்கும் தீயல்ல என்று அறிந்தாள். அதன்பின் பாவ அறிக்கையும் அழுகையும் மகிழ்ச்சியும் பல மாதங்கள் தொடர்ந்தன. பெண்கள் குழுக்களாகச் சுற்றுக் கிராமங்களுக்குச் சென்று சாட்சி கூறினர்.

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் அசூசா தெரு எழுப்புதல் தொடங்கியது 1906 ஏப்ரலில். பெந்தெகொஸ்தே இயக்கம் என்றாலே அசூசா தெருவை மட்டும் சுட்டிக்காட்டும் நாம், அதற்கு முந்திய ஆண்டே நம் பட்டணத்துக்கு அருகில் இந்தத் தீ பற்றியது என்பதை அறிய வேண்டும். நம் திருநெல்வேலிச் சீமையிலோ அதற்கும் முன்பாக, 1860இலேயே, யோவான் கிறிஸ்தியான் அருளப்பன் ஐயாவின் ஊழியத்தில் அந்நியபாஷையும் தீர்க்கதரிசனமும் விளங்கிய எழுப்புதல் உண்டாயிருந்தது.

இந்த இரண்டு இடங்களையும் மறைவான ஒரு நூல் இணைப்பதைப் பாருங்கள். பிரிஸ்டல் நகரில் மனிதரிடம் கேளாமல் தேவனிடமே கேட்டு அநாதைப் பிள்ளைகளைப் போஷித்தவர் ஜார்ஜ் முல்லர். அவருடைய மைத்துனர் அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ். அந்தக் குரோவ்ஸிடம் பயின்று, சம்பளமில்லாமல் விசுவாசத்தினால் ஊழியம் செய்தவர் நம் அருளப்பன். அதே முல்லரின் வரலாற்றை வாசித்துத் திடன்பெற்றவர் ரமாபாய். ஒரு மனிதன் தன் அறையில் மண்டியிட்டதன் பலன், ஒருபுறம் திருநெல்வேலியிலும் மறுபுறம் கேட்காவிலும் முளைத்தது.

நூல் இன்னும் நீளுகிறது. மின்னி ஏப்ரம்ஸ் அம்மையார் 1906இல் முக்தியின் அனுபவங்களைக்கொண்டு பரிசுத்த ஆவியின் அபிஷேகத்தைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அதன் ஒரு பிரதியைத் தென் அமெரிக்காவில், சிலி நாட்டின் வால்பரைசோ துறைமுகத்தில் மெதடிஸ்ட் போதகராயிருந்த வில்லிஸ் ஹூவரின் மனைவிக்கு அனுப்பினார். அந்த அம்மையார் இவருடைய பழைய கல்லூரித் தோழி. ஹூவரும் மனைவியும் அதை வாசித்தார்கள். அவர்கள் சபை ஜெபிக்கத் தொடங்கியது. 1909இல் அங்கே எழுப்புதல் உண்டாயிற்று. இன்று சிலி நாட்டில் உள்ள திரளான பெந்தெகொஸ்தே சபைகளின் வேர் அங்கேதான் இருக்கிறது. ரமாபாய் அம்மையார் சிலி நாட்டின் மண்ணை மிதித்ததேயில்லை. ஆனால் பஞ்சத்தில் பிழைத்த பெண்களின் ஜெபம் சமுத்திரங்களைக் கடந்து அங்கே போய்ச் சேர்ந்தது.

நம் சபையார் கவனிக்க வேண்டிய மற்றொன்றும் உண்டு. முக்தியில் பல பெண்கள் அந்நியபாஷையில் பேசினர். ரமாபாய் அம்மையார் அவ்வாறு பேசியதாகப் பதிவு இல்லை. தமக்குக் கிடைக்காததைக் குறித்து அவர் பொறாமைப்படவும் இல்லை. பெற்றவர்களைத் தடுக்கவும் இல்லை. இதுவும் ஆவியின் கனி அல்லவா?

காணாமல் முடித்த வேலை

அவருடைய கடைசிப் பெரிய வேலை வேதாகமத்தை எளிய மராத்தியில் மொழிபெயர்த்தது. படிப்பறியாத கிராமத்துப் பெண்ணும் கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்பிய அவர், அதற்காக எபிரெயமும் கிரேக்கமும் கற்றார். முக்தியின் அச்சகத்தில் எழுத்துக் கோத்து அச்சிட்டவர்களும் அந்தப் பெண்களே. பெண்ணுக்குக் கல்வி கொடுத்ததற்காகப் பழிசுமந்த அந்த வனவாசித் தகப்பனின் பிடிவாதம் எங்கே வந்து பலன் கொடுத்தது என்று பாருங்கள்!

ஆனால் 1921 ஜூலையில், தமக்குப்பின் முக்தியை நடத்துவாள் என்று நம்பியிருந்த ஒரே மகள் மனோரமா மரித்தாள். அந்தத் தாய் மகளுக்காக ஜெபித்திருக்கமாட்டாரா? அவருடைய விசுவாசம் குறைவானதா? அப்படிச் சொல்ல யாருக்கு வாய் வரும்? மகளை அடக்கம் செய்த தாய் மீண்டும் தம் மொழிபெயர்ப்பு மேசைக்குத் திரும்பினார். வேலையை முடித்தார். 1922 ஏப்ரல் 5ஆம் தேதி கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். முழு வேதாகமம் அச்சாகி வெளிவந்தது 1924இல். அந்தப் புத்தகத்தை முழுமையாகக் கையில் ஏந்திப் பார்க்க அவர் இவ்வுலகில் இல்லை.

நமக்கு என்ன?

அன்பான வாசகரே, இதிலிருந்து மூன்று காரியங்களை உங்கள் முன்வைக்கிறேன்.

முதலாவது, விசுவாசத்தின் கிரியையை நாம் கேட்டது கிடைத்ததா என்னும் ஒரே கோலால் அளக்கக்கூடாது. அப்படி அளந்தால், கணவனையும் மகளையும் இழந்த ரமாபாய் அம்மையார் தோற்றுப்போனவர் என்றே சொல்ல வேண்டியிருக்கும். பணமும் சுகமும் பதவி உயர்வுமே விசுவாசத்தின் அடையாளம் என்று போதிக்கிறவர்கள் இன்று நம் நகரங்களில் பலர் உண்டு. அந்தப் போதனை நல்ல காலத்தில் இனிக்கும்; வேலை போன நாளில் அது மனிதனைக் குற்றவாளியாக்கித் தெருவில் விட்டுவிடும்.

இரண்டாவது, தேவன் நம் கடந்த காலத்தையும் வீணாக்குவதில்லை. துன்பம் நல்லது என்று நான் சொல்லவில்லை. பஞ்சம் பஞ்சமே, இழப்பு இழப்பே. ஆனால் பசித்தவளே பசித்தவர்களைத் தேடிப் போனாள். ஊரை விட்டு வந்து, பாஷை தெரியாமல், வாடகை வீடு கிடைக்காமல் அலைந்த நாட்கள் உங்களுக்கு உண்டல்லவா? நேற்று ஊரிலிருந்து வந்திறங்கிய ஒரு குடும்பம் உங்கள் தெருவிலேயே இருக்கக்கூடும். உங்கள் பழைய கண்ணீர் அவர்களுக்கு இன்றைக்கு ஒரு விலாசமாகலாம்.

மூன்றாவது, காணாத கரம் பெரும்பாலும் நம்மையே கருவியாகக்கொண்டு வேலை செய்வதனால் அது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒருவன் தன் முகத்தைத் தானே காண முடியாததுபோல, தன் விசுவாசம் தன்னில் என்ன செய்கிறது என்பதையும் அவன் காண்பதில்லை. பக்கத்தில் இருப்பவர் காண்கிறார்.

இந்த மூன்றாவது பாடத்தை எனக்குக் கற்பித்தது எந்தப் புத்தகமும் அல்ல. கட்கியில் என்னிடம் கேள்வி கேட்ட சகோதரரின் வீட்டிற்குச் சில வாரங்கள் கழித்துச் சென்றேன். அப்பொழுதும் அவருக்கு வேலை கிடைக்கவில்லை. அவர் தண்ணீர் பிடிக்க வெளியே போயிருந்தார். அவருடைய மனைவி என்னிடம் சொன்னார்:

“பாஸ்டர், இவர் ஒன்றும் நடக்கவில்லை என்று புலம்புகிறார். நல்ல சம்பளம் வாங்கிய காலத்தில் இவர் குடிக்காத சனிக்கிழமை கிடையாது. கர்த்தருக்குள் வந்த பிறகு விட்டார். வேலை போனபோது, இனி மறுபடியும் தொடங்கிவிடுவார் என்று நான் பயந்துகொண்டே இருந்தேன். இத்தனை மாதமாகக் கையில் காசில்லை, மனதில் நிம்மதியில்லை, கூப்பிடுகிற சிநேகிதர்கள் வாசலிலேயே நிற்கிறார்கள். ஒருநாளும் இவர் போகவில்லை. ராத்திரி பிள்ளைகளைக் கூட்டி ஜெபம் பண்ணிவிட்டுத்தான் படுக்கிறார். இதை யார் செய்கிறார்கள் பாஸ்டர்?”

நான் வாயடைத்துப்போனேன். பதினான்கு மாதமாக நடந்துகொண்டிருந்த அற்புதத்தை அந்தச் சகோதரரும் காணவில்லை. அவருக்குப் போதகனாகிய நானும் காணவில்லை. சமையல் வேலை செய்து களைத்து வந்த அந்தச் சகோதரி கண்டிருந்தார். கேட்காவ்ப் பெயர்ப் பலகையைப்போல, அது என் கண்ணுக்கு முன்பாகவே பலமுறை கடந்துபோயிருந்தது.

அந்தச் சகோதரருக்குப் பின்பு ஒரு குடியிருப்பில் காவலாளி வேலை கிடைத்தது. பழைய சம்பளத்தில் பாதிதான். இரவு வேலை. கடன் முழுவதும் இன்னும் அடையவில்லை. இதைச் சொல்ல நான் வெட்கப்படவில்லை. ஏனெனில் பழைய சம்பளம் திரும்பினால்தான் தேவன் கிரியை செய்தார் என்று நான் இனி எழுதமாட்டேன்.

அடுத்த முறை நீங்கள் ஊரிலிருந்து திரும்பும்போது, தவுண்ட் கடந்தவுடன் மூட்டைகளை எடுப்பதற்கு முன் ஜன்னலோரம் சற்று உட்காருங்கள். கேட்காவ் என்னும் பலகை வரும். சில நொடிகள்தான். உங்கள் பிள்ளைகளுக்கு அதைக் காட்டி, இங்கே ஒரு விதவைத் தாய் ஜெபித்தார் என்று சொல்லுங்கள். பின்பு உங்கள் வீட்டிலேயே நீங்கள் கவனியாமல் கடந்த நிலையங்கள் எவை என்று உங்கள் மனைவியிடமோ கணவரிடமோ கேட்டுப் பாருங்கள். அவர்கள் சொல்லுவார்கள்.

காணப்படாமல் நம்மை நடத்துகிற தேவன், அவர் செய்துகொண்டிருப்பதைக் காணும் கண்களையும், காணாத நாளிலும் நடந்துசெல்லும் கால்களையும் உங்களுக்கும் உங்கள் வீட்டாருக்கும் தந்தருள்வாராக. ஆமென்.